கல்லாற்றங்கரையில் ஒரு வாக்கெடுப்பு

ஆடிப் பெருக்குக்குக் காவிரி வேண்டும். காவிரி இல்லாத ஊருக்குப் பிழைக்க வந்துவிட்ட நம்மவர்க்குக் கல்லாறே காவிரி. ஆடிப் பதினெட்டை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையன்று, மழை இடங்கொடுத்தால், சங்கத்துக் குடும்பங்கள் அங்கே கூடுவது வழக்கம் என்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கும் சிற்றூர் அது. யானை படுத்தாற்போன்ற உருண்டைப் பாறைகளும், அவற்றினூடே பளிங்குபோல் ஓடும் தண்ணீரும் பெயருக்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கின்றன. இவ்வாண்டும் புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், தயிர்சாதம் ஆகியவற்றோடு இரண்டு பேருந்துகளில் சென்றிருந்தோம்.

சாப்பாட்டுக்கு முன்பாகச் செயற்குழுவின் பதின்மூன்று பேரும் ஒரு பெரிய பாறையின் மேல் கூடினோம். செப்டம்பர் 15 ஆம் நாள் செண்பகராமன் பிள்ளையின் பிறந்த நாள் விழா. அதற்கான அழைப்பிதழை எழுதும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ரயில்வேயில் குமாஸ்தா என்றால் எழுத்து நன்றாக வரும் என்று சங்கத்தாருக்கு ஓர் எண்ணம். பத்தாம் வகுப்போடு நின்ற நமக்கும் அவ்வெண்ணத்தை மறுக்க மனம் வரவில்லை. நான்கு இரவுகள் கண் விழித்து எழுதிய வாசகத்தின் முதல் வரி இதுதான்: 'ஹிட்லரையே மன்னிப்புக் கேட்க வைத்த மாவீரத் தமிழர்!'

படித்து முடித்ததும் கைதட்டல் எழுந்தது. சாலைக் கடைத்தெருவில் பாத்திர வியாபாரம் செய்யும் அண்ணாச்சி, "இந்த ஒரு வரிக்கே மண்டபம் நிறைஞ்சிரும் தம்பி" என்றார். அப்பொழுது, வங்கியில் அலுவல் பார்த்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் எழுந்து, ஹிட்லரின் பெயரைப் பெருமைக்குரிய பெயர்போல் அழைப்பிதழின் தலையில் போடுவது தகாது என்றும், அவ்வரியை நீக்க வேண்டும் என்றும் கூறினார். உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். சென்ற பொங்கல் விழாவின் பந்தல் செலவுக் கணக்கைப் பற்றி அவருக்கும் நமக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆகவே, அவர் கூறியது ஹிட்லரைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது என்றே நாம் கொண்டோம். தலைவர் ஐயா கைதூக்கச் சொன்னார். வரி இருக்கட்டும் என்று ஏழு பேர், வேண்டாம் என்று இருவர். நால்வர் கை தூக்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர். வென்றுவிட்டோம் என்ற களிப்போடு இலையின் முன் அமர்ந்தோம்.

சங்கத்து இளைஞர் ஒருவரின் பாட்டி கல்லாற்றில் சாலையோரம் குடியிருக்கிறார். பொன்முடிப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு, இப்பொழுது கீழே இறங்கி வந்து வாழும் திருநெல்வேலிச் சீமைக்காரர். எண்பதைக் கடந்தவர். ஆச்சி என்றே எல்லோரும் அழைப்போம். நம் பக்கத்தில் அமர்ந்திருந்த ஆச்சி, "யாரு தம்பி அந்த இட்லரு? காலையில இருந்து அவன் பேச்சாவே இருக்கு" என்று கேட்டார். பேரன் விளக்கினார். ஜெர்மனியை ஆண்டவன், இங்கிலீஷ்காரனை எதிர்த்து இரண்டாவது உலக யுத்தம் நடத்தியவன், ஜப்பான்காரன் அவனுக்குக் கூட்டாளி என்றார்.

ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சப்பான்காரன் சண்டையா? அதுலதான எங்க பெரியப்பா சயாம் ரயில்ல போனாரு" என்றார்.

கதை நீளமானதன்று. ஆச்சியின் தந்தை மேற்கே மலையேறித் தேயிலைக்கு வந்தார். அவருடைய அண்ணன் கங்காணியோடு கிழக்கே கப்பலேறி மலாயாவுக்கு ரப்பர் வெட்டப் போனார். யுத்தம் மலாயாவுக்கு வந்ததோடு கடிதமும் பணமும் நின்றன. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், அவரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், வாந்திபேதியில் போய்விட்டார் என்று சொன்னாராம். எந்த நாளில் இறந்தார் என்று தெரியாததனால், ஆடி அமாவாசையன்றே அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைத்து வந்தார்கள்.

சயாம் மரண ரயிலைப் பற்றி மலாயாத் தமிழர் வீடுகளில் சொல்லக் கேட்டவர்கள் நம் வாசகரிலும் இருக்கலாம். சயாமின் பான்பொங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர். காடும் மலையும் ஆறும் குறுக்கிட்ட அந்தப் பாதையை 1942 இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டது ஜப்பானியப் படை. பணியில் மாண்ட வெள்ளையர் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர் தொண்ணூறாயிரம் பேர் வரை மாண்டனர் என்பது மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பல்லாயிரவர். வெள்ளையர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம்மவர்க்கு அப்படி ஒரு வரிசை இல்லை. ரயில்வேயில் சம்பளம் வாங்கும் நாம், தண்டவாளத்தின் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் உயிர் என்று அந்தப் பாதையைப் பற்றிச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் கல்லாற்றங்கரையில் கையில் தயிர்சாதத்தோடு அமர்ந்திருந்த அன்றுதான் அது நமக்கு உறைத்தது.

இவ்விடத்தில் நியாயமாக ஒன்றைக் கூற வேண்டும். அதே மலாயாத் தோட்டங்களிலிருந்துதான் ஆயிரக்கணக்கான தமிழர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். பெண்கள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தனர், ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை அந்தப் படையிலும் அடுத்த வீட்டுப் பிள்ளை சயாம் காட்டிலும் இருந்த காலம் அது. அந்தத் தியாகத்தை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால், அத்தியாகத்தின் நிழலில் நின்றுகொண்டு 'ஆங்கிலேயனுக்கு எதிரி, ஆதலால் நமக்கு வேண்டியவன்' என்று ஹிட்லருக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டோம். நம் அழைப்பிதழின் முதல் வரியும் அந்த நாற்காலிகளுள் ஒன்று.

வீடு திரும்பிய பின் உறக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் முதல் நூலகத்தில் இது குறித்துத் தேடத் தொடங்கினோம். தேடியபோது, பாறையின் மேல் நாம் நடத்திய வாக்கெடுப்பை உலக நாடுகள் ஒவ்வோர் ஆண்டும் நியூயார்க்கில் நடத்திவருகின்றன என்பது தெரிந்து வியப்படைந்தோம்.

நாஜிக் கொள்கையை மகிமைப்படுத்துவதைக் கண்டிக்கும் தீர்மானம் ஒன்றை, 2005 ஆம் ஆண்டிலிருந்து ருஷ்யா ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் கொண்டுவந்து நிறைவேற்றி வருகிறது. கேட்ட மாத்திரத்தில் இதை எவர் எதிர்ப்பார் என்று தோன்றும். ஆனால், 2021 டிசம்பரில் 130 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்காவும் உக்ரைனும் எதிர்த்தன, ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் அடங்கிய 49 நாடுகள் நடுநிலை வகித்தன. மறு ஆண்டு, 2022 டிசம்பரில் ஆதரவு 120, எதிர்ப்பு 50, நடுநிலை 10. எதிர்த்த ஐம்பதில் ஜெர்மனியும் இத்தாலியும் இருந்தன! நாஜிச் சின்னத்தைத் தெருவில் காட்டினாலே சிறையில் தள்ளச் சட்டம் வைத்திருக்கும் ஜெர்மனி, நாஜிப் புகழ்ச்சியைக் கண்டிக்கும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது.

காரணம் தீர்மானத்தின் சொற்களில் மட்டும் இல்லை, கொண்டுவந்தவரின் கையிலும் இருந்தது. 2022 பிப்ரவரியில் ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தபோது, அந்நாட்டை நாஜிகளிடமிருந்து தூய்மைப்படுத்துவதே நோக்கம் என்று ருஷ்ய அதிபர் புடின் அறிவித்தார். உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது அவருடைய காதில் ஏறவில்லை. நாஜி எதிர்ப்பு என்ற சொல்லே பீரங்கிக்குத் திரி ஆகிவிட்டபடியால், அதுவரை கைதூக்காமல் இருந்த ஐரோப்பியர் எதிராகக் கைதூக்கினர். நாஜியத்தை ஒழிப்பதாகச் சொல்லி ருஷ்யா தன் படையெடுப்பை நியாயப்படுத்துவதைச் சுட்டிக் கண்டிக்கும் திருத்தம் ஒன்றும் அவ்வாண்டு தீர்மானத்திலேயே சேர்க்கப்பட்டது. கண்டனம் கொண்டுவந்தவர்மீதே கண்டனம் ஏறிய விந்தை அது. அமெரிக்கா நெடுநாளாகவே வேறொரு காரணமும் கூறி வருகிறது. எவ்வளவு இழிந்த பேச்சானாலும் பேச்சை அரசு தடுத்தல் ஆகாது என்பது அதன் அரசியற் சட்டக் கொள்கை. இந்தியா தீர்மானத்தை ஆதரித்தே வாக்களித்து வந்துள்ளது.

ருஷ்யாவின் நோக்கம் கெட்டது என்று சொல்லிக் கோப்பை மூடிவிட முடியுமானால் எளிதாக இருக்கும். அத்தீர்மானத்தில் சொல்லப்படும் குற்றம் கற்பனையன்று. லாத்வியாவின் தலைநகரான ரீகாவில், நாஜிகளின் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்த லாத்விய வீரரின் நினைவாக மார்ச் 16 அன்று ஊர்வலம் நடந்து வந்திருக்கிறது. உக்ரைனில் 2010 ஆம் ஆண்டில், ஜெர்மானியரோடு ஒரு காலத்தில் கைகோத்த இயக்கத்தின் தலைவரான ஸ்டெபான் பண்டேராவுக்கு 'உக்ரைனின் வீரர்' என்ற பட்டம் வழங்கப்பட்டுப் பின்னர் ரத்தாயிற்று. அந்நாட்டுக் கீவ் நகரத்துப் பாபி யார் பள்ளத்தாக்கில், 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023 செப்டம்பரில் கனடா நாட்டுப் பாராளுமன்றத்தில், ருஷ்யரை எதிர்த்துப் போரிட்ட உக்ரைனிய வீரர் என்று தொண்ணூற்றெட்டு வயது முதியவர் ஒருவரை அறிமுகப்படுத்த, அவை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டாவது உலக யுத்தத்தில் ருஷ்யரை எதிர்த்தவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் எஸ்.எஸ். படையில் இருந்தவர் என்பது தெரிந்ததும் உலகம் நகைத்தது. சபாநாயகர் பதவி விலகினார்.

லாத்வியரும் உக்ரைனியரும் சொல்லும் சமாதானத்தைச் சற்றுக் கேளுங்கள். ருஷ்யர் எங்களை அடிமைப்படுத்தினர், அவர்களை எதிர்க்க வந்தவனோடு சேர்ந்தோம், பலர் கட்டாயத்தின்பேரில் படையில் சேர்க்கப்பட்டனர் என்கின்றனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1939 ஆகஸ்டு 23 அன்று ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்துகொண்டு போலந்தைப் பங்கிட்டதையும், 1940 இல் லாத்வியாவைச் சோவியத் விழுங்கியதையும் ருஷ்யத் தீர்மானம் பேசுவதில்லை. ஆனால் அந்தச் சமாதானம் நமக்குப் பழகிய குரலாகப் படவில்லையா? 'ருஷ்யனுக்கு எதிரி' என்பது அவர்களுடைய கதவு. 'ஆங்கிலேயனுக்கு எதிரி' என்பது நம்முடையது. இரண்டு கதவு வழியாகவும் உள்ளே நுழைந்தவன் ஒருவனே.

அவன் நம்மைப் பற்றி என்ன நினைத்தான் என்பதில் மறைபொருள் ஏதும் இல்லை. 'மைன் காம்ப்' என்ற அவனுடைய நூலிலேயே, இந்திய விடுதலை இயக்கத்தாரை ஏளனம் செய்துவிட்டு, இந்தியா வேறெவர் கையிலும் இருப்பதைக் காட்டிலும் ஆங்கிலேயர் கையில் இருப்பதையே தான் விரும்புவதாக எழுதி வைத்திருக்கிறான். 1937 நவம்பரில் தன்னைக் காண வந்த ஆங்கிலேயப் பிரபு ஹாலிபாக்ஸிடம், இந்தியத் தொல்லை தீர வேண்டுமானால் காந்தியைச் சுட்டுவிடுங்கள், அது போதாவிட்டால் காங்கிரசுத் தலைவர் ஒரு டஜன் பேரையும், அதுவும் போதாவிட்டால் இருநூறு பேரையும் சுடுங்கள் என்று யோசனை கூறியிருக்கிறான். ஹாலிபாக்ஸ் முன்பு இந்தியாவில் இர்வின் என்ற பெயரில் வைசிராயாக இருந்தவர், காந்தியடிகளோடு ஒப்பந்தம் செய்தவர். நேதாஜியே 1936 இல் ஜெர்மனியை விட்டுப் புறப்படும் முன், அந்நாட்டின் புதிய தேசியம் குறுகியது, தன்னலமுடையது, அகந்தை மிக்கது என்ற கருத்துப்பட ஒரு கடிதம் எழுதினார். 1942 மே மாதம் ஹிட்லரை நேரில் கண்டபோது, நூலில் இந்தியரைப் பற்றி எழுதியதை மாற்ற வேண்டும் என்று கேட்டார். நேரான பதில் கிட்டவில்லை.

அந்த நூல் இன்றும் நம் நாட்டு ரயில் நிலையப் புத்தகக் கடைகளில், வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் நூல்களுக்கு நடுவே, அட்டை பளபளக்க நிற்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் அதைப் புரட்டுவதை நாமே கண்டிருக்கிறோம். 2006 இல் நவி மும்பையில் ஓர் உணவு விடுதிக்கும், 2012 இல் ஆமதாபாத்தில் ஒரு துணிக்கடைக்கும் அவன் பெயர் சூட்டப்பட்டு, எதிர்ப்பு எழுந்த பின் மாற்றப்பட்டன. இங்கே மலையாளத்தில் 1996 இல் மம்முட்டி நடித்து வெளிவந்த படம் ஒன்றுக்கு அவன் பெயரே தலைப்பு. தங்கைகளைக் கண்டிப்போடு காக்கும் அண்ணன்தான் அதன் கதாநாயகன். நம் வீட்டுப் பிள்ளைகளும் கண்டிப்பான வாத்தியாரை அப்பெயரால் அழைக்கின்றனர். கொலைகாரன் பெயர் கண்டிப்புக்கு மறுபெயர் ஆகிவிட்டது. வேற்றுநாட்டுப் பெயர்கள் தமிழில் இப்படி உருமாறுவது புதிதன்று. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பல், 'அவன் பெரிய எம்டன்' என்று சமர்த்தனைச் சொல்லும் சொல்லாயிற்று. கப்பலைப் புகழ்வதில் பெருந்தீங்கு இல்லை. அறுபது லட்சம் யூதரையும், அவர்களோடு லட்சக்கணக்கான ரோமா மக்களையும் கொன்றவன் கதை வேறு. நாடோடிகள் என்று இகழப்பட்ட அந்த ரோமா மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய மொழி இன்றும் அதைக் காட்டிக் கொடுக்கிறது.

நூலகத்தில் படித்தவற்றுள் நம்மை மிகவும் வருத்திய செய்தி ஒன்று உண்டு. அது வதை முகாமையோ விஷவாயுவையோ பற்றியதன்று, டிக்கெட்டைப் பற்றியது. யூதர்களைக் கொலைக்களங்களுக்குக் கொண்டு சென்ற ரயில்களுக்கு ஜெர்மானிய ரயில்வே கட்டணம் வசூலித்தது. ஆடுமாடு ஏற்றும் பெட்டியில் அடைத்துவிட்டு, மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்கிட்டனர். தலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு நான்கு பென்னிக். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இலவசம். நானூறு பேருக்கு மேல் ஒன்றாகப் போனால் கூட்டப் பயணச் சலுகை. போகிறவர்க்கு ஒருவழிக் கட்டணம் மட்டும். காவலர்க்கு மட்டும் திரும்பி வரவும் கட்டணம் போட்டனர்.

இக்கணக்கை ஹிட்லர் போட்டிருக்க மாட்டான். ஓர் அறையில் மின்விளக்கின் கீழ் அமர்ந்து, கட்டண அட்டவணையைப் புரட்டி, நம்மைப்போல் ஒரு குமாஸ்தா போட்டிருப்பான். கூட்டலைச் சரிபார்த்திருப்பான். கையொப்பமிட்டு மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்று ஜன்னல் வழியே நாம் எத்தனை தாய்மார்களுக்குச் சொல்லியிருக்கிறோம்! அதைப் படித்த பிறகு இரண்டு நாள் அந்த வாக்கியம் நம் வாயில் வரத் தயங்கியது. எழுதுவதையும் கணக்கிடுவதையும் தொழிலாகக் கொண்டவன், தான் எழுதும் வரி யாரைச் சுமக்கிறது என்று பாராமல் எழுதலாகாது என்று பட்டது. நான்கு இரவு கண் விழித்து எழுதிய நம் வரியை எடுத்து மீண்டும் பார்த்தோம்.

செண்பகராமன் பிள்ளைக்கு அந்த வரி தேவைதானா? 1891 இல் இதே திருவனந்தபுரத்தில் நாஞ்சில்நாட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நாஞ்சில்நாடும் திருவனந்தபுரமும் ஒரே சமஸ்தானமாக இருந்த காலம் அது. 1956 நவம்பர் முதல் நாளுக்குப் பிறகுதான் நாம் இங்கே பிற மாநிலத்தார் ஆனோம். பள்ளிப் பருவத்திலேயே, செடிகொடி ஆராய வந்திருந்த ஸ்டிரிக்லண்டு என்ற ஆங்கிலேயரோடு ஐரோப்பாவுக்குச் சென்றார். 1914 செப்டம்பரில் சூரிச் நகரில் சர்வதேச இந்திய ஆதரவுக் குழுவை அமைத்தார். பின்னர் பெர்லினில் வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயா முதலானோரோடு இந்திய விடுதலைக் குழுவில் உழைத்தார். 1915 டிசம்பர் முதல் நாள் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப்பைத் தலைவராகக் கொண்டு அமைந்த தற்காலிக இந்திய அரசில் இவருக்கு வெளியுறவு அமைச்சர் பொறுப்பு அளிக்கப்பட்டது. அப்பொழுது வயது இருபத்து நான்கு.

இவ்வளவும் ஒருவருக்குப் போதாதென்று நாம் கதைகளைச் சேர்த்தோம். எம்டன் கப்பலில் வந்து சென்னையைத் தாக்கியவர் இவரே என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அக்கப்பல் வங்கக் கடலில் உலவிய அதே செப்டம்பரில் இவர் சூரிச்சில் குழு அமைத்துக்கொண்டிருந்தார். ஹிட்லர் கதையும் அத்தகையதே. ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன் இந்தியரை இழிவாகப் பேசினான், செண்பகராமன் கண்டித்து எழுதினார், அவன் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்லப்படுகிறது. நாள் ஒருவர் சொல்வதுபோல் மற்றவர் சொல்வதில்லை. மன்னிப்பை எழுத்தில் கேட்டான் என்பாரும் உளர், வாயால் கேட்டான் என்பாரும் உளர். பெர்லினில் இவர் ஜெர்மானிய வலதுசாரித் தேசியவாதிகளோடு நெருங்கிப் பழகியவர் என்பதும், அந்நட்பு அங்கே வந்த புதிய ஆட்சியில் இவரைக் காக்கவில்லை என்பதும் கதையில் வருவதில்லை. 1934 மே மாதம், நாற்பத்து மூன்று வயதுகூட நிரம்பாமல் பெர்லினில் காலமானார். நாஜிகள் தாக்கியதே காரணம் என்று இங்கே நம்பப்பட்டு வருகிறது.

மன்னிப்புக் கதை மெய்யென்றே வைத்துக்கொள்வோம். நம் வரியில் யாருக்குப் பெருமை? 'ஹிட்லரையே' என்று ஓர் ஏகாரம் போட்டிருந்தோம். அந்த ஏகாரத்தின் மேல்தான் வரி முழுவதும் நிற்கிறது. உலகில் எவரும் வணங்கத்தக்க உயரத்தில் அவனை முதலில் ஏற்றி வைத்து, பிறகு அவன் நம்மவர் முன் குனிந்தான் என்று மகிழ்கிறோம். செண்பகராமனை அளக்க அவனை அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். சூரிச்சும் காபூலும் தராத மதிப்பை அந்தக் கொலைகாரனுடைய மன்னிப்பு தந்துவிடும் என்று நினைத்த அறிவை என்னென்பது!

ஆவணி முதல் ஞாயிறன்று செயற்குழு மீண்டும் கூடியது. இம்முறை பாறையின் மேலன்று, தலைவர் ஐயாவின் வீட்டுத் திண்ணையில். அந்த வரியை நீக்க வேண்டும் என்று நாமே முன்மொழிந்தோம். ஆச்சியின் பெரியப்பாவைப் பற்றியும் அரை டிக்கெட்டைப் பற்றியும் சொன்னோம். பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு மனம் ஆறவில்லை. "இட்லர் இல்லேன்னா கூட்டம் வராதே தம்பி" என்றார். வராவிட்டால் போகட்டும் என்று தலைவர் ஐயா கூறிவிட்டார். நீக்க வேண்டும் என்று ஒன்பது பேர் கைதூக்கினர், இருவர் எதிர்த்தனர், இருவர் நடுநிலை வகித்தனர். அந்த நடுநிலையாளருள் ஒருவர் யார் என்கிறீர்கள்? முதன்முதலில் அவ்வரியை எதிர்த்த வங்கிப் பெரியவர்தான்! நாம் முன்மொழிந்ததால் அவருக்குக் கை எழவில்லை போலும். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது அவரிடம் சென்று, "அன்றைக்கு நீங்கள் சொன்னதே சரி, சார்" என்றோம். "அது இருக்கட்டும். பந்தல் கணக்கு என்ன ஆச்சு?" என்றார். பற்றுச்சீட்டுகளை மறுநாளே அவரிடம் சேர்ப்பித்துவிட்டோம்.

புதிய அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. 'திருவனந்தபுரத்தில் பிறந்து, 1915 இல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசின் வெளியுறவு அமைச்சராக விளங்கிய செண்பகராமன் பிள்ளை' என்று தொடங்குகிறது. அவருடைய மனைவி லட்சுமிபாய் அவரது அஸ்தியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்ததும், 1966 இல் அது 'டில்லி' என்ற போர்க்கப்பலில் கேரளக் கரைக்கு வந்ததும், கரமனை ஆற்றில் கரைக்கப்பட்டதும் இரண்டாம் பத்தியில் உள்ளன. விழா செப்டம்பர் 15 மாலை ஐந்து மணிக்கு. குடும்பத்தோடு வருமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.

குத்துவிளக்கு ஏற்றக் கல்லாற்று ஆச்சி இசைந்திருக்கிறார். இரவு மலைப்பாதையில் திரும்ப முடியாதாகையால் அன்றிரவு நம் வீட்டில் தங்குவார். பெரியப்பாவின் பெயரையும் மேடையில் ஒரு தரம் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டோம்.